மீன்குஞ்சுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம்? நாற்றங்கால் குளம் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குளத்தில் குஞ்சு விட்ட அன்று சாயங்காலமே போன் வந்துவிடும். "அண்ணே, எவ்வளவு போடணும்?" கேட்பவர் ஒரு எண்ணை எதிர்பார்க்கிறார். குஞ்சின் வயசு, எடை, தண்ணீரின் சூடு, வானம் மூடியிருக்கிறதா என்று நான் திருப்பி நாலு கேள்வி கேட்டால் அலுத்துக்கொள்வார். தஞ்சாவூர்ப் பக்கம் கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை மீன்களின் குஞ்சு வளர்க்கிறவன் நான். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் 20 சென்ட் குளத்துக்குப் போட்டது. உங்கள் குளம் பெரிதென்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே வரியில் சொல்லுங்கள், எவ்வளவு?

பொரித்து மூன்று நாளான குஞ்சுக்கு, விட்ட அன்று இருந்த எடையைப் போல நாலு மடங்கு. ஒரு அங்குலக் குஞ்சுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு. விரல் நீளம் வந்துவிட்டால் இருபதில் ஒரு பங்கு. அரைக்கிலோ மீனுக்கு நூற்றுக்கு இரண்டு. மீன் வளர வளர மொத்தத் தீவனம் ஏறும், எடைக்கு எடை பார்த்தால் பங்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நுண்மீன் குஞ்சு, இளங்குஞ்சு, விரலளவுக் குஞ்சு என்கிறார்களே, எது எது?

பொரித்து மூன்று நாளாகி, வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு தீரும் தறுவாயில் இருப்பது நுண்மீன் குஞ்சு. 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம். பண்ணையில் விற்பது பெரும்பாலும் இதுதான். இரண்டு மூன்று வாரத்தில் 25 மில்லிமீட்டர் ஆனால் இளங்குஞ்சு. அதன்பின் இரண்டு மூன்று மாதத்தில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வந்தால் விரலளவுக் குஞ்சு. முதல் கட்டம் நாற்றங்கால் குளத்தில், இரண்டாவது கட்டம் வளர்ப்புக் குளத்தில்.

பவானிசாகர், ஆழியாறு, மணிமுத்தாறு என்று அணையடிப் பண்ணைகளில் இன்று லட்சக் கணக்கில் குஞ்சு வாங்க முடிகிறது. முன்பெல்லாம் இந்த மூன்று கெண்டைக்கும் ஆற்று வெள்ளத்தில் வலை கட்டித்தான் குஞ்சு பிடிக்க வேண்டும், பிடிபட்டதில் பாதி என்ன மீன் என்றே தெரியாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன் விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். இன்று ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். எண்ணி வாங்கி, எண்ணிக்கைக்குத் தீவனம் போடும் பேச்சே அதற்கப்புறம்தான் வந்தது.

முதல் பதினைந்து நாளுக்கு என்ன கணக்கு?

ஒரு லட்சம் நுண்மீன் குஞ்சின் எடை சுமார் 140 கிராம். ஒரு சொம்புக்குள் அடங்கிவிடும். முதல் ஐந்து நாள் இதைப் போல நாலு மடங்கு, அதாவது நாளைக்கு 560 கிராம். ஆறாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை எட்டு மடங்கு, 1 கிலோ 120 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும்.

மண் குளத்தில் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் குஞ்சு விடலாம் என்பது வழக்கமான பரிந்துரை. 20 சென்ட் என்றால் சுமார் 800 சதுர மீட்டர், அதில் 2 லட்சம் குஞ்சு தாராளமாகப் போதும். அதற்கு முதல் ஐந்து நாள் தினம் 1 கிலோ 120 கிராம், பின்பு பத்து நாள் தினம் 2 கிலோ 240 கிராம். மொத்தம் 28 கிலோ. கால் கிலோவுக்குச் சற்று மேலே எடை உள்ள குஞ்சுக்கு 28 கிலோ தீவனமா என்று முதல் தடவை கணக்குப் போட்டபோது நானே பேப்பரைத் திருப்பிப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

நாலு மடங்கு, எட்டு மடங்கு எல்லாம் அந்தப் பொடிக்குஞ்சின் வயிற்றில் எப்படிப் போகும்?

முழுதும் போகாது.

முதல் விஷயம், மடங்கு என்பது விட்ட அன்றைய எடைக்கு. குஞ்சு அந்த எடையில் நிற்பதில்லை. விட்டபோது ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லாத குஞ்சு, இரண்டு வாரம் கழித்துக் கால் கிராமை நெருங்கும். நூறு மடங்குக்கு மேலான வளர்ச்சி இது. பத்தாம் நாள் நீங்கள் போடும் "எட்டு மடங்கு" அன்றைய எடையோடு பார்த்தால் சிறிய பங்குதான்.

இரண்டாவது, போடும் புண்ணாக்கு, தவிட்டுப் பொடியில் ஒரு பகுதியைக் குஞ்சு தொடுவதே இல்லை. அது தண்ணீரில் கரைந்து உரமாகி நுண்ணுயிரை வளர்க்கிறது, அதைக் குஞ்சு தின்கிறது. நாற்றங்காலில் தீவனம் பாதி சாப்பாடு, பாதி எரு.

மூன்றாவது, கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. வாயிலிருந்து நேரே குடல்தான். வயிறு முட்டத் தின்று விட்டு ராத்திரி முழுக்கச் செரிக்க வைக்கும் வசதி அதற்கு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல் மேய வேண்டும். சின்ன உடம்பு எடைக்கு எடை வேகமாகச் சக்தியை எரிக்கிறது. கைக்குழந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாலுக்கு அழுவது மாதிரிதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐந்தாம் நாள் காலை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீரோடு பத்துக் குஞ்சை அள்ளி வெயிலில் வையுங்கள். உடம்பு கண்ணாடி போல இருக்கும், இரண்டு கறுப்புப் புள்ளிக் கண், நடுவில் முதுகெலும்புக் கோடு. வயிற்றுப் பக்கம் தலையிலிருந்து வால் நோக்கிப் பழுப்பாக ஒரு நூல் ஓடினால் குடல் நிறைந்திருக்கிறது. நூல் அங்கங்கே அறுந்திருந்தாலோ காணவே காணோம் என்றாலோ, நீங்கள் எத்தனை கிலோ போட்டிருந்தாலும் குஞ்சு பட்டினி.

புண்ணாக்கு போடுகிறோமே, அப்புறம் எதற்குக் குளத்தை எருவிட்டுத் தயார் செய்ய வேண்டும்?

முதல் வாரத்தில் குஞ்சின் உண்மையான சாப்பாடு தண்ணீரில் துள்ளும் விலங்கு நுண்ணுயிர்தான். வளர்ந்த பின் கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் அடியிலும் மேயும். குஞ்சுப் பருவத்தில் மூன்றும் ஒரே பந்தியில் உட்காரும்.

ஹெக்டேருக்கு 750 கிலோ கடலைப் புண்ணாக்கு, 200 கிலோ சாணி, 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் என்பது பரிந்துரை. 20 சென்ட் குளத்துக்கு 60 கிலோ, 16 கிலோ, 4 கிலோ. பாதியை முதல்நாள் ஊறவைத்துக் கரைத்து, குஞ்சு விட இரண்டு மூன்று நாள் முன்பே குளம் முழுக்கத் தெளித்துவிட வேண்டும். மீதியை நிறம் பார்த்து இரண்டு மூன்று தவணையாக. 50 லிட்டர் தண்ணீரை நுண்வலையில் வடித்தால் ஒன்றிரண்டு மில்லி நுண்ணுயிர் படிய வேண்டும். வலை இல்லாதவர்கள் கையை முழங்கை வரை நீருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. பளிச்சென்று தெரிந்தால் நீர் வெறும் நீர். மணிக்கட்டோடு மறைந்துவிட்டால் எரு மிஞ்சிவிட்டது.

தீவனம் சரியாகத்தான் போடுகிறேன், குஞ்சு குறைந்துகொண்டே வருகிறது. ஏன்?

தீவனத்தை விட்டுவிட்டுப் பூச்சியைப் பாருங்கள். முதுகு கீழே, வயிறு மேலே என்று துடுப்புப் போட்டு நீந்தும் பூச்சி ஒன்று உண்டு, முதுகு நீச்சல் பூச்சி. எருவிட்ட குளத்துக்கு அது தேடி வரும். ஒரு பூச்சி ஒரு நாளில் பல குஞ்சைக் குத்தி உறிஞ்சிவிடும். குஞ்சு விடுவதற்கு முந்தின நாள், காற்று அடங்கிய நேரத்தில், சோப்பும் மலிவான தாவர எண்ணெயும் காய்ச்சிக் கலந்து நீர்மேல் படரவிடுவார்கள். ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு. நம் 20 சென்ட்டுக்கு நாலரை கிலோ எண்ணெய், ஒன்றரை கிலோ சோப்பு. மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சிக்குக் காற்று கிடைக்காமல் போகும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நாற்றங்காலில் நூற்றுக்கு 30 முதல் 50 வரைதான் பிழைக்கும். 2 லட்சம் விட்டு 80,000 எடுத்தால் நல்ல மகசூல்.

என்ன தீவனம், எப்படித் தயாரிப்பது?

கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிக்குச் சரி, எடைக்கு எடை. நாற்றங்காலுக்குப் புண்ணாக்கை இடித்து மெல்லிய துணியில் சலித்த பொடியாகவே போட வேண்டும். எட்டு மில்லிமீட்டர்க் குஞ்சின் வாய் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நெல் ஆலையில் உமி கலந்த தவிட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள், உமி குளத்தடியில் படிந்து அழுகும். ஒரு அங்குலத்துக்கு மேல் நொறுக்குத் தீவனம், விரல் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குருணைத் தீவனம் என்று போகலாம். கம்பெனித் தீவனம் வாங்குவதானால் இந்த வயசுக்கு மூட்டையில் புரதம் 30 சதவீதத்துக்குக் குறையாமல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு மலிவாக வந்தால் தொடவே தொடாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனால், தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சு. அந்த நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வந்ததே அந்தப் பூஞ்சணத்தின் பெயரிலிருந்துதான். மழைக்காலத்தில் சிமென்ட் தரையில் நேரே மூட்டையை அடுக்காமல் பலகை போட்டு அடுக்குங்கள்.

வளர்ப்புக் குளத்தில் கணக்கு எப்படி மாறும்?

இங்கே நெருக்கம் மிகவும் குறைவு. ஹெக்டேருக்கு 1 முதல் 3 லட்சம் இளங்குஞ்சு. 20 சென்ட்டில் 16,000 என்று வைத்துக்கொள்வோம்.

விட்ட அன்று குஞ்சு ஒன்று 0.2 கிராம் என்றால் மொத்தம் 3 கிலோ 200 கிராம். அதில் பத்து சதவீதம், நாளைக்கு 320 கிராம்.

ஒரு மாதம் கழித்து சராசரி 2 கிராம். சிலது செத்து 13,000 இருக்கும் என்று எடுத்தால் 26 கிலோ. எட்டு சதவீதத்துக்கு நாளைக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல்.

இரண்டு மாதத்தில் சராசரி 5 கிராம், 12,000 குஞ்சு, 60 கிலோ. ஆறு சதவீதம், 3 கிலோ 600 கிராம்.

இடையில் உள்ள நாட்களுக்கு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மாதம் முழுக்க ஒரே அளவைப் போட்டு, முதல் தேதி அன்று திடீரென்று ஏழு மடங்காக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் போடுகிற மாதிரி.

இந்தக் கட்டத்தில் 60 முதல் 70 சதவீதம் பிழைக்கும்.

எடை தெரிந்தால்தானே சதவீதம்? ஆயிரக்கணக்கான குஞ்சை எப்படி எடை போடுவது?

எல்லாவற்றையும் போட வேண்டாம். பத்து நாளுக்கு ஒரு தரம் காலை வெயில் ஏறுமுன் சின்ன வலையால் குளத்தின் மூன்று நாலு இடத்தில் அள்ளுங்கள். தீவனம் போடும் மூலையில் மட்டும் அள்ளினால் கொழுத்த குஞ்சுதான் வரும், கணக்கு ஏமாற்றும். ஒரு பக்கெட்டில் பாதித் தண்ணீர் வைத்து எடை பாருங்கள். நீர் வடிந்த குஞ்சைப் போட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசத்தை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. நூறு குஞ்சு போதும். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு போதும்.

எடையை விட எண்ணிக்கைதான் அதிகம் காலை வாரும். செத்த குஞ்சு மிதக்காது, கொக்கும் தவளையும் ரசீது கொடுப்பதில்லை. 16,000 என்று நம்பி நீங்கள் போட, உள்ளே 8,000-தான் இருக்கும்.

அப்படியானால் அது தின்றதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தட்டு வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி மூங்கில் அல்லது கம்பிச் சட்டம், அதில் கொசுவலைத் துணி, நாலு மூலையிலும் கயிறு. அன்றைய தீவனத்தில் ஒரு கைப்பிடியைப் பிசைந்து உருண்டையாக்கித் தட்டில் வைத்து, ஒன்றரை அடி ஆழத்தில் இறக்குங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். துடைத்து வைத்த மாதிரி இருந்தால் நாளைக்குப் பத்து சதவீதம் கூட்டலாம். கொஞ்சம் ஒட்டியிருந்தால் அதே அளவு. கால்வாசிக்கு மேல் மிஞ்சினால் அடுத்த வேளை பாதிதான்.

நான் சதவீத அட்டவணையை விடத் தட்டைத்தான் நம்புகிறேன். அட்டவணை எந்தக் குளத்துக்கும் பொதுவாக எழுதியது. தட்டு என் குளத்து மீன் இன்று காலை சொன்னது.

கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் வளராதா?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டாம் வருஷம், விரலளவுக் குஞ்சுக்கு வியாபாரி ஒருவர் முன்பணம் கொடுத்திருந்தார். அவசரத்தில் நாலு கிலோ போட வேண்டிய குளத்துக்கு ஏழு கிலோ போட்டேன், ஒரு வாரம். நீர் கரும்பச்சையானது, பசுமை என்று சந்தோஷப்பட்டேன். எட்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கரைக்குப் போனால் குளம் முழுக்க மழைத்தூறல் விழுகிற மாதிரி வட்டம் வட்டமாக நெளிகிறது. வானத்தில் நட்சத்திரம். மழையில்லை, குஞ்செல்லாம் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டு நீரை விசிறி அடித்து, பொழுது விடிவதற்குள் கால்வாசிக் குஞ்சு செத்துவிட்டது.

மிஞ்சிய தீவனம் அழுகும்போது பிராணவாயுவைத் தின்னும். புரதம் அழுகி அமோனியா ஆகும். பாசி கூடிய குளத்தில் மத்தியானம் காரத்தன்மை ஏறும், அப்போது அதே அமோனியா அதிக நஞ்சாகும். ராத்திரியில் பாசியும் சேர்ந்து மூச்சு விடும், விடியற்காலையில் பிராணவாயு அடிமட்டத்துக்கு இறங்கும். நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருப்பது நல்லது. 3-க்குக் கீழே போனால் தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். குறைவாகப் போட்டால் வளர்ச்சி ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

எந்த நாளில் குறைக்க வேண்டும், எந்த நாளில் போடவே கூடாது?

நீர் 26 முதல் 32 டிகிரி வரை இருந்தால் கெண்டைக்குஞ்சு நன்றாகத் தின்னும். மார்கழிக் குளிரில் 24-க்கு இறங்கினால் பசி மந்தம், கால்வாசி குறையுங்கள். சித்திரை வெயிலில் 34-ஐத் தாண்டினாலும் அப்படியே. ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டிருந்தால் பாதி போதும். விடியலில் குஞ்சு வாய் பிளந்தால் அன்று முழுக்க வேண்டாம். ஒரு நாள் பட்டினியில் விரலளவுக் குஞ்சு சாகாது.

ஒரு நாளைக்கு எத்தனை வேளை?

நாற்றங்காலில் இரண்டு, வளர்ப்புக் குளத்தில் முடிந்தால் மூன்று. முதல் வேளை எட்டு மணிக்கு, வெயில் பட்டு நீரில் பிராணவாயு ஏறிய பின். கடைசி வேளை நாலு நாலரைக்குள். ஒரே இடம், ஒரே நேரம். நாலே நாளில் உங்கள் காலடி அதிர்வுக்கே கூட்டம் கூடும்.

திலேப்பியா, விரால், புல்கெண்டைக்கும் இதே கணக்கா?

இல்லை. திலேப்பியாக் குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் எடையில் 20 முதல் 30 சதவீதத்தில் தொடங்கி, நாலைந்து வேளையாகப் பிரித்துப் போட்டு, பத்து வரை இறக்குவார்கள். திலேப்பியா வளர்க்க மீன்வளத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

விராலுக்கு எவ்வளவு தீவனம் என்பதை விட, ஒரே அளவுக் குஞ்சை ஒன்றாக வைப்பது முக்கியம். பசித்தால் பெரியது சின்னதை விழுங்கும். வாரம் ஒரு தரம் அளவு பார்த்துப் பிரிக்காவிட்டால் உங்கள் தீவனச் செலவு குறையும், குஞ்சும் குறையும்.

புல்கெண்டை சின்னதில் மற்ற குஞ்சு மாதிரி நுண்ணுயிரைத் தின்னும். ஒன்றரை அங்குலத்திலிருந்து அசோலா, வாத்துப்பாசி என்று நீரில் மிதக்கும் மெல்லிய செடிகளைக் கொடுக்கலாம். பெரிதானால் ஒரு நாளில் தன் எடையில் பாதிக்கு மேல் பச்சைப் புல் தின்னும். இலையில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அதனால் அந்த அளவு.

வீட்டுத் தொட்டியில் கப்பி குட்டி போட்டிருக்கிறது. அதற்கு?

கிராம் கணக்கெல்லாம் வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு மூன்று நாலு தடவை. விரலால் பொடித்த தீவனம் ஒரு சிட்டிகையில் பாதி. ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால் முட்டையைப் பொரிக்க வைத்துக் கொடுக்க முடிந்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. வயிறு ஆரஞ்சு நிறத்தில் பூரித்திருந்தால் அந்த வேளை முடிந்தது. தாயைத் தனியே பிரித்தீர்களா? இல்லாவிட்டால் தாய்க்குத் தீவனம் குட்டிதான்.

நாளைக்குக் குஞ்சு பிடிக்க வருகிறார்கள். இன்று தீவனம் போடலாமா?

போடாதீர்கள். குடல் நிறைந்த குஞ்சு பிளாஸ்டிக் பையில் கழித்து, அந்த நீரிலேயே மூச்சு முட்டும். முந்தின நாளே தீவனத்தை நிறுத்தி, வலை இழுத்து, ஹாப்பாவில், அதாவது குளத்து நீரில் கட்டும் வலைத்துணித் தொட்டியில், ஓர் இரவு வெறும் வயிற்றில் வையுங்கள். காலையில் ஹாப்பா அடியில் கழிவு படிந்திருக்கும். அதைக் கழுவிவிட்டுப் பையில் ஆக்சிஜன் பிடிக்கச் சொல்லுங்கள். வாங்குகிறவரிடம், போய்ச் சேர்ந்ததும் கொட்டிவிடாமல் பையைக் குளத்து நீரில் கால்மணி நேரம் மிதக்கவிடச் சொல்லுங்கள். முதல் தீவனம் மறுநாள் காலையில் போட்டால் போதும்.